ஆடுற காலுக்கு எங்கே முட்டுக் கொடுக்கணும்?

வீட்டுப் பராமரிப்புக் கேள்விகளுக்கு இந்த முறை ஒரு மரவேலைக்காரரும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. மேசை, பீரோ, வாஷிங் மெஷின், கேரம் போர்டு என்று சாமான்தான் வேறு வேறு. புகார் ஒன்றுதான்: ஆடுகிறது.

பழைய வீடு, கடப்பாக் கல் தரை. நாலு பேர் உட்காரும் சதுரச் சாப்பாட்டு மேசை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. சாம்பார் ஊற்றும்போதெல்லாம் ஆடுகிறது. பேப்பரை மடித்து ஒரு காலுக்குக் கீழே செருகுகிறேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நீளமாக இருக்கிற காலை அறுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, ராயபுரம்

ரம்பத்தை எடுக்காதீர்கள் அம்மா. கால் நீளமா, தரை மேடா என்பதே இன்னும் தெரியவில்லை. தரை கோணலாக இருந்து நீங்கள் காலை அறுத்தால், நாளைக்கு வீடு மாறும்போது புது வீட்டிலும் அந்த மேசை ஆடும்.

முதலில் ஆட்டம் எப்படி வருகிறது என்று பாருங்கள். நாலு கால் மேசையில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள் எப்போதும் தரையில் இருக்கும். மற்ற இரண்டும் சீசா மாதிரி மாறி மாறித் தூக்கும். சாக்பீஸால் கால்களுக்கு 1, 2, 3, 4 என்று வரிசையாக எண் போட்டு, எந்த ஜோடி தூக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1-ம் 3-ம் தூக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேசையைக் கால்வாசிச் சுற்று திருப்பி, அதே நாலு புள்ளிகளில் கால் படும்படி வையுங்கள். இப்போதும் 1-ம் 3-ம்தான் தூக்குகின்றன என்றால் குற்றம் மேசைக் காலில். ஜோடி மாறி 2-ம் 4-ம் தூக்கினால் குற்றம் தரையில். நிறையப் பேர் பாதிச் சுற்று திருப்பிப் பார்க்கிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. ஒன்றாம் கால் இருந்த இடத்துக்கு மூன்றாம் கால் வரும், இரண்டு பக்கமும் ஒரே ஜோடிதான்.

குற்றம் தரையில் என்றால் உங்களுக்கு ஒரு காசு செலவில்லாத வழி இருக்கிறது. கால்வாசிச் சுற்றுக்குள் ஆட்டம் ஒரு ஜோடியிலிருந்து இன்னொரு ஜோடிக்கு மாறிவிட்டது இல்லையா? அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு கோணத்தில் நாலு காலும் பட்டே ஆக வேண்டும். மேசையை ஒரே இடத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மூலையை அழுத்திப் பாருங்கள். பழைய கடப்பாக் கல், காவித் தரை போல அலை அலையாகத் தேய்ந்த தரைகளில் இது நன்றாகவே வேலை செய்யும். ஒரு கல் தூக்கி, அடுத்த கல் தாழ்ந்து படி மாதிரி நிற்கும் இடத்தில் வேலை செய்யாது. ஆட்டம் நின்றாலும் மேசையின் மேல்பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ரசம் ஊற்றினால் இலையின் ஓரத்துக்கு ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடாவிட்டால் விட்டுவிடலாம்.

குற்றம் காலில் என்றாலோ, திருப்பி வைக்க இடமில்லை என்றாலோ முட்டுக் கொடுக்க வேண்டியதுதான். இடைவெளியை அளக்க ஸ்கேல் வேண்டாம். தூக்குகிற இரண்டு கால்களில் ஒன்றைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றின் கீழே ஜெராக்ஸ் பேப்பரை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் பத்துத் தாள் சுமார் 1 மி.மீ. ஏ.டி.எம். கார்டு ஒன்று முக்கால் மி.மீ. இந்தக் கணக்கில் உங்களுக்குத் தேவையான கனம் கிடைத்துவிடும். தூக்குகிற இரண்டில் எதற்கு முட்டுக் கொடுத்தாலும் ஆட்டம் நிற்கும். எதற்குக் கொடுத்தால் மேல்பலகை மட்டமாகிறதோ அதற்குக் கொடுங்கள். மேசை மேல் ரசமட்டத்தை (கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் மட்டக் கருவி) வைத்துப் பார்த்தால் தாழ்ந்த பக்கம் தெரிந்துவிடும்.

பேப்பர் தாங்காததற்குக் காரணம் உங்கள் ஈரத்துணிதான். தினமும் தரை துடைக்கும் தண்ணீரை மடித்த காகிதம் உறிஞ்சி, எடையில் நசுங்கி, பாதியாகிவிடுகிறது. ஈரக் காகிதம் செல்லுக்கும் (கறையானுக்கும்) விருந்து. பழைய செருப்பு ரப்பரும் அப்படியே. ஸ்டூலுக்குப் பரவாயில்லை, மேசைக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். பிளைவுட் கடையில் கழிவாகக் கிடக்கும் 1 மி.மீ. சன்மைக்காத் துண்டு கேளுங்கள். காலின் அடியை வைத்து வரைந்து, அதைவிட 2 மி.மீ. உள்ளடங்கலாக வெட்டி, தேவைக்கு ஒன்றோ இரண்டோ அடுக்கி, ஃபெவிகால் போட்டு காலின் அடியில் ஒட்டுங்கள். தரையில் வைத்தால் பெருக்கும்போது போய்விடும். ஒட்டிய பிறகு மேசையை ஒரு நாள் கவிழ்த்தே வைத்திருங்கள். குற்றம் தரையில் என்றால், அப்புறம் அந்த மேசை அந்த இடத்துக்கு, அந்தத் திசைக்கு மட்டும்தான் பொருந்தும். காலில் ஒரு அடையாளம் போட்டுவையுங்கள்.

தச்சரை அழைத்து ஸ்டூல் காலைச் சரிசெய்யச் சொன்னேன். ஒரு காலை அறுத்தார், அடுத்தது ஆடியது. அதை அறுத்தார், முதல் கால் ஆடியது. ஒன்றரை அடி ஸ்டூல் இப்போது மணை மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?
— ஒரு வாசகர், கொடுங்கையூர்

கண் அளவில் அறுத்தது தப்பு. அறுப்பதற்கு முன் நாலு காலிலும் ஒரே உயரத்தில் கோடு விழ வேண்டும். அதற்கு மட்டமான இடம் வேண்டும். சமையல் மேடை கிரானைட் நல்லது, இல்லாவிட்டால் தரையில் 18 மி.மீ. பிளைவுட் போட்டு ரசமட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டூலை அதன் மேல் வைத்து, குட்டையான கால்களுக்குச் சின்ன ஆப்புகள் கொடுத்து உட்காரும் பலகையை மட்டமாக்குங்கள். அந்த நிலையில் எந்தக் காலுக்கும் தரைக்கும் இடையே அதிக இடைவெளி இருக்கிறதோ அதை அளந்துகொள்ளுங்கள். 4 மி.மீ. என்றால், 4 மி.மீ. கனமுள்ள ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, துண்டையும் பென்சிலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் சுற்றி வாருங்கள். காலின் நாலு முகத்திலும் கோடு விழ வேண்டும். பென்சிலின் பாதிக் கனம் கூடுதலாக ஏறும், நாலு காலிலும் ஒரே அளவு ஏறுவதால் பாதகமில்லை. பிறகு கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடு வரை அரத்தால் அல்லது மணல் தாளால் இழையுங்கள். கால்கள் விரிந்து நிற்கிற ஸ்டூல் என்றால் அறுப்பு நேராக இருக்காது, கோட்டின் சாய்விலேயே போக வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் ஸ்டூலுக்கு இனி அறுக்க மரம் இல்லை. நாலு காலுக்கும் ஒரே உயரத்தில் புதுக்கட்டை ஒட்டுவது பெரிய வேலை. அதற்குப் பதில் அடியில் ரப்பர் புஷ் போட்டு மணையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டிபன் கடை வைத்திருக்கிறோம். எட்டு மேசை. தினமும் இரவு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தரை கழுவுவோம். காலையில் எந்த மேசை எந்த இடத்துக்கு வருகிறதோ அங்கே ஆடும். வாடிக்கையாளர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.
— ஒரு கடைக்காரர், திருவொற்றியூர்

இடம் மாறுகிற மேசைக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை. திருகி ஏற்றி இறக்கக்கூடிய லெவலர் கால்தான் சரி. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் நைலான் அடித்தட்டும் போல்ட்டும் சேர்ந்து வரும், எம்8 அளவு போதும். எட்டு மேசைக்கு 32 வேண்டும். துருப்பிடிக்காத போல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள், தினமும் தண்ணீர் படுகிற இடம்.

மரக்கால் என்றால் உள்ளே திருகுப் புரி பிடிக்க டீ-நட் வேண்டும். காலின் அடியில் சரியாக நடுவில், டீ-நட்டின் குழல் நுழையும் அளவு, பெரும்பாலும் 10 மி.மீ. துளை. ஆழம் போல்ட் முழுதாக உள்ளே போகும் அளவுக்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் மேசையை இறக்க முடியாது. கால் ஒன்றரை அங்குலத்துக்கும் மெலிதாக இருந்தால் டீ-நட்டை அடிக்கும்போது மரம் பிளக்கும். அப்படிப்பட்ட காலில் பக்கவாட்டில் திருகும் தட்டு வைத்த லெவலர் பாருங்கள். இரும்புக் குழாய்க் கால் என்றால் குழாய்க்குள் இறுகும் நைலான் புஷ்ஷிலேயே புரி இருக்கும். குழாயின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போங்கள்.

எம்8 போல்ட் ஒரு முழுச்சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும். கடைப் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும்: தூக்குகிற காலைக் கையால் அரைச்சுற்று, முக்கால் சுற்று இறக்கினால் பெரும்பாலான ஆட்டம் நின்றுவிடும். மேலே லாக் நட் இல்லாவிட்டால் மேசையை இழுக்கும்போது தானாகவே கழன்று வரும்.

இன்னொன்று: இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். இழுத்தால் எந்த லெவலரும் ஆறு மாதத்தில் வளையும்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. இரும்பு பீரோவின் ஒரு கதவு தானாகத் திறந்துகொள்கிறது, பூட்டும் சேரவில்லை. அசைத்தால் 'டங் டங்' என்கிறது.
— ஒரு வாசகி, காசிமேடு

பூட்டுக்காரரை அழைப்பதற்கு முன் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றும், துடைக்கும் தண்ணீரும் சேர்ந்து முதலில் தின்பது பீரோவின் அடிமடிப்பைத்தான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஒரு கால் உப்பி உயரும், பிறகு அதே கால் உதிர்ந்து தாழும். பெட்டி லேசாக முறுக்கிக்கொண்டதும் கதவு சட்டத்தோடு சேராது. பூட்டில் கோளாறு இருக்காது.

பீரோவைக் காலி செய்யுங்கள். நகை ரேக்கை மட்டும் காலி செய்துவிட்டுப் புடவையோடு நெம்பப் பார்ப்பார்கள், வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூன்றடிக் கட்டையால் முன்பக்கத்தை நெம்ப வேண்டும். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் பெயின்ட் உதவாது. பட்டறையில் கொடுத்து அடிக்கு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

திரும்ப நிறுத்தும்போது தரையில் நேராக வைக்காதீர்கள். கிரானைட் கடையில் நாலுக்கு நாலு அங்குலத் துண்டுகள் நாலு வாங்கி ஒவ்வொரு காலுக்கும் கீழே வையுங்கள். இனி தண்ணீர் காலைத் தொடாது. பிறகு கதவைப் பாருங்கள். எந்தக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்கு 1 மி.மீ. சன்மைக்கா ஒவ்வொன்றாகச் சேருங்கள். இரண்டு கதவின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்துங்கள். கதவு நேராகி, ஆனாலும் தானாகத் திறந்தால் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. இரண்டு முன்கால்களையும் ஒரே அளவு, 3 முதல் 5 மி.மீ. வரை உயர்த்தினால் பீரோ சுவர்ப்பக்கம் லேசாகச் சாயும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதோடு நிறுத்தக் கூடாது. பீரோவின் தலைப்பக்கம் இரண்டு எல்-கிளாம்ப் போட்டு சுவரோடு இறுக்குங்கள். 8 மி.மீ. ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை), 50 மி.மீ. ஸ்க்ரூ. பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் துளை செங்கல்லில் விழ வேண்டும், இடையில் உள்ள சாந்தில் விழுந்தால் பிளக் கையோடு வரும்.

பிளாஸ்டிக் சேர் ஆடுகிறது.
— ஒரு வாசகர், எண்ணூர்

காலைத் திருப்பி வெயிலில் பாருங்கள். வெள்ளைக் கோடு அல்லது விரிசல் இருந்தால் உடனே கழித்துவிடுங்கள், வயதானவர்கள் உட்காரும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். விரிசல் இல்லாவிட்டால் வெயிலில் கிடந்து கால் விரிந்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது.

தெருவில் கேரம் ஆடுகிறோம். மடக்கு ஸ்டாண்டில் போர்டை வைத்தால் காயெல்லாம் ஒரே பாக்கெட் பக்கம் போகிறது. சில நாள் டிரம் மேல் வைத்து ஆடுகிறோம். எது சரி?
— கேரம் நண்பர்கள், புதுவண்ணாரப்பேட்டை

2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் ஊரிலிருந்து வந்த கேள்வி. பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும்.

மற்ற சாமான்களுக்கு ஆடாமல் இருந்தால் போதும். கேரமுக்கு மட்டமும் வேண்டும். அதோடு உங்களுக்குக் கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: போர்டே முறுக்கியிருக்கலாம், போர்டும் ஸ்டாண்டும் சேராமல் இருக்கலாம், ஸ்டாண்டும் தரையும் சேராமல் இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

போர்டைத் தரையில் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு நூலைச் சட்டத்தின் மேல் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாக உரசிக்கொண்டு நின்றால் போர்டு நேர். இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு. கீழ் நூலை மேலே மாற்றியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கிய போர்டை எந்த ஸ்டாண்டும் நேராக்காது.

அடுத்தது ஸ்டாண்டு மட்டும். மடக்கு ஸ்டாண்டின் நடு போல்ட் தளர்ந்திருந்தால் வாஷர் சேர்த்து இறுக்குங்கள். சிமென்ட் தெரு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும்தான் போட்டிருப்பார்கள், தண்ணீர் ஓட வேண்டுமே. ஆகவே தெருவுக்குக் குறுக்கே எப்போதும் சாய்வு இருக்கும். தாழ்ந்த பக்கக் கால்கள் இரண்டுக்கும் நல்ல மரத்துண்டு, பிறகு ஆடுகிற காலுக்கு ஆப்பு. ஒரே ஆப்பு வழுக்கும். எதிரெதிராக இரண்டு ஆப்பைச் செருகினால் மேல்முகம் மட்டமாகவே ஏறும், இறங்காது.

கடைசியாகப் போர்டை ஏற்றி, நடு வட்டத்தில் கோலிக்குண்டை மெதுவாக விடுங்கள். உருண்டு போகிற பக்கம் தாழ்வு. அந்தப் பக்கம் போர்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே சன்மைக்காத் துண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். 74 செ.மீ. ஆடுகளத்தில் ஒரே ஒரு மி.மீ. துண்டு செய்யும் மாற்றம் கோலியின் வேகத்தில் அப்படியே தெரியும். நாலு பக்கம் மாற்றி விட்டும் கோலி தயங்கி நின்றால் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

டிரம் ஆடாது, உண்மைதான், ஆனால் டிரம்மின் வாய் போர்டைவிடச் சிறியது. நாலு பேரும் சட்டத்தில் கை ஊன்றுகிற விளையாட்டு இது. ஒருவர் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும். பொழுதுபோக்குக்குச் சரி, பயிற்சிக்கு வேண்டாம்.

பால்கனியில் முன்கதவு வாஷிங் மெஷின். பிழியும்போது நகர்ந்து சுவரில் இடிக்கிறது.
— ஒரு வாசகி, பெரம்பூர்

பால்கனித் தரை சரிவாகத்தான் இருக்கும். ஆனால் புது மெஷின் என்றால் முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டிரம் ஆடாமல் வர ஆலையில் மாட்டி அனுப்பும் நீள போல்ட்டுகள் அங்கேயே இருந்தால், பிழியும்போது மெஷின் துள்ளாமல் என்ன செய்யும்? கழற்றி, வீடு மாறும்போது தேவைப்படும் என்று எடுத்துவையுங்கள்.

அது இல்லையென்றால் கால்கள். மெஷின் மேல் ரசமட்டம் வைத்து, முதலில் இடம் வலம், பிறகு முன் பின். கால்களைக் கூடியமட்டும் உள்ளேயே வைத்து, தாழ்ந்த மூலையில் உள்ள காலை மட்டும் திருகி வெளியே இறக்குங்கள். நீண்டு நிற்கிற கால்தான் அதிகம் துடிக்கும். மட்டம் கிடைத்ததும் ஒவ்வொரு காலின் லாக் நட்டையும் மெஷின் உடம்போடு சேரும்படி மேல்நோக்கி இறுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் பத்து நாளில் பழைய கதைதான். சோப்புத் தண்ணீர் படிந்த டைல்ஸ் வழுக்கும். கழுவித் துடைத்துவிட்டு ரப்பர் பேட் போடுங்கள். ஒரே ஒரு கனமான போர்வையைப் போட்டுப் பிழியாதீர்கள். அது ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் எந்த மட்டமும் நிற்காது. கூட இரண்டு துண்டு சேருங்கள்.

சரிவு அதிகமாகி, கால் பாதிக்கு மேல் வெளியே வந்தும் போதாவிட்டால் கொத்தனாரை வைத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையாத காங்கிரீட் மேடை போடுங்கள். வழவழப்பான டைல்ஸைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் மேலே போட்டால் மேடையே தனியாக நகரும். ஒரு வாரம் தண்ணீர் காட்டிய பிறகு மெஷினை ஏற்றுங்கள். தண்ணீர் போகும் வாயை மேடை அடைத்துவிடக் கூடாது.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நின்றதில் டி.வி. ஸ்டாண்டும் பழைய தேக்கு மேசையும் ஆட ஆரம்பித்துவிட்டன.
— ஒரு வாசகர், வியாசர்பாடி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இதே கேள்வி நிறைய வந்தது. தேக்கு மேசைக்கு இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். நிழலில், காற்றுப்படுகிற இடத்தில், கால்களைத் தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வைத்து சில வாரம் விடுங்கள். ஊறிய மரம் காய்ந்து சுருங்கும். அதற்குள் அறுத்தால், காய்ந்த பிறகு மறுபடியும் ஆடலாம். காய்ந்த பிறகு கால் தரையை விட்டு எழாமல் மேல்பலகை மட்டும் அசைந்தால் ஆட்டம் இணைப்பில். கட்டைவிரலை இணைப்பின் மேல் வைத்து மேசையை அசைத்தால் திறந்து மூடுவது விரலுக்கே தெரியும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பசை போட்டு, கயிறு சுற்றி முறுக்கி 24 மணி நேரம் விடுங்கள்.

டி.வி. ஸ்டாண்டு துகள் பலகை என்றால் அடி உப்பியது உப்பியதுதான், காய்ந்தாலும் இறங்காது. உப்பிய பகுதிக்கு மேல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அறுத்துவிட்டு, அறுத்த விளிம்புக்குப் பசை பூசி அடைத்து, கீழே பி.வி.சி. கால் வைத்துத் திருகலாம். பலகை கையில் மாவாக உதிர்ந்தால் ஸ்க்ரூ பிடிக்காது, விட்டுவிடுங்கள்.

மாடியில் பழைய மெட்ராஸ் டெரஸ் தரை. யாராவது நடந்தாலே பாத்திர பீரோ கிணுகிணுவென்கிறது. நாலு காலுக்கும் முட்டுக் கொடுத்தாயிற்று.
— ஒரு வாசகர், சவுகார்பேட்டை

இது காலின் ஆட்டமில்லை, தரையின் ஆட்டம். மர உத்திரங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தோடு அடுக்கிய தரை அது. உத்திரத்தின் நடுப்பகுதி மிதித்தால் கொஞ்சம் கொடுக்கும். கீழ்வீட்டுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், உத்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியும். உத்திரத்தின் நுனிகள் உட்காரும் சுவரை ஒட்டி பீரோவை நகர்த்துங்கள், அங்கே அசைவு மிகக் குறைவு. சுவர் ஓரமாகவே இருந்தாலும், உத்திரத்துக்கு இணையாக ஓடுகிற சுவர் என்றால் மொத்த எடையும் ஒரே உத்திரத்தின் மேல்தான் விழும்.

கீழேயிருந்து பார்க்கும்போது உத்திரத்தின் நுனி கறுத்திருந்தாலோ, செல் மண் தெரிந்தாலோ, சுண்ணாம்புத் தூள் அடிக்கடி கொட்டினாலோ, தரையில் புதிதாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ பீரோவை நகர்த்துவது போதாது. கட்டட இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அவர் வரும்வரை பித்தளைப் பாத்திரங்களை இறக்கிக் கீழ்வீட்டில் வைத்துவிடுங்கள்.